ஆகாயத்தில் கொட்டிய குப்பையை அள்ளுவது யார்?

2022-ம் வருஷம் ஏப்ரல் 2-ந் தேதி. மகாராஷ்டிர மாநிலம் சந்திரபூர் ஜில்லா, சிந்தேவாஹி தாலுகா. அன்று மராத்தி மக்களின் வருஷப் பிறப்பு. இரவு எட்டு மணி ஆகவில்லை. வானத்தில் நெருப்புக் கோடுகள் வரிசையாக ஓடின. ஜனங்கள் வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். சற்று நேரத்தில் லாட்போரி என்ற கிராமத்தில் ஒரு பெரிய உலோக வளையம் வந்து விழுந்தது. குறுக்களவு ஏறக்குறைய மூன்று மீட்டர். பக்கத்துக் கிராமங்களில் உருண்டையான உலோகக் கலங்கள் கிடைத்தன. சீனா 2021-ல் ஏவிய ஒரு ராக்கெட்டின் மேலடுக்காக இருக்கவேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் பிறகு கணக்குப் போட்டுச் சொன்னார்கள்.

யார் தலையிலும் விழவில்லை. விழுந்திருந்தால் யாரைப் போய்க் கேட்பது?

இதெல்லாம் வீண் பயம் என்று சிரிக்கிற கனவான்கள் இருக்கிறார்கள். 1979-ல் அமெரிக்காவின் ஸ்கைலாப் விழப்போகிறது என்று நம் ஊர்களெல்லாம் கதிகலங்கியது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அது கடைசியில் மேற்கு ஆஸ்திரேலியாவில் போய்ச் சிதறியது. அங்கே எஸ்பெரன்ஸ் என்ற ஊரின் நிர்வாகம், பொது இடத்தில் குப்பை போட்ட குற்றத்துக்காக அமெரிக்காவுக்கு 400 டாலர் அபராதம் விதித்தது. வேடிக்கையாகத்தான் விதித்தார்கள். ஆனால் அந்த 400 டாலரைக் கூட அமெரிக்க சர்க்கார் கட்டவில்லை. முப்பது வருஷம் கழித்து, 2009-ல், ஒரு ரேடியோக்காரர் தம் நேயர்களிடம் வசூல் செய்து அந்தக் கடனை அடைத்தார்! குப்பை போட்டவன் வல்லரசு. கட்டியவன் ரேடியோ கேட்ட சாதாரண மனிதன். விண்வெளிச் சட்டத்தின் மொத்தக் கதையும் ஏறக்குறைய இதுதான்.

முதலில் மேலே என்ன கிடக்கிறது என்று பார்ப்போம்.

1957 அக்டோபர் 4-ந் தேதி ஸ்புட்னிக் கிளம்பியதிலிருந்து மனிதன் மேலே அனுப்பிக்கொண்டே இருக்கிறான். வேலை முடிந்த கோள்கள், எரிபொருள் தீர்ந்த ராக்கெட் ஓடுகள், கழன்ற ஆணிகள், வெடித்துச் சிதறிய துண்டுகள் எல்லாம் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 1958-ல் அமெரிக்கா அனுப்பிய வான்கார்டு-1 என்ற ஒன்றரைக் கிலோ உருண்டை 1964-லேயே பேச்சை நிறுத்திவிட்டது. இன்னும் சுற்றுகிறது. இன்னும் பல தலைமுறை சுற்றும். ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2025-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பத்து சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பொருள்கள் ஐம்பதாயிரத்துக்கு மேல். ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்டவை பன்னிரண்டு லட்சம்.

ஒரு சென்டிமீட்டர்த் துண்டு என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். அதன் வேகத்தில் இருக்கிறது விஷயம். விநாடிக்கு ஏழு எட்டு கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரைக்கு ஒரு நிமிஷம்! துப்பாக்கிக் குண்டு அதன் பக்கத்தில் நத்தை. அந்த வேகத்தில் ஒரு மரையாணி மோதினால் ஒரு கோள் முடிந்தது. முடிந்த கோள் ஆயிரம் துண்டாகிறது. அந்த ஆயிரமும் வேறு கோள்களைத் தேடிப் போகின்றன. குப்பையே குப்பையைப் பெருக்கும் இந்த ஆபத்தை அமெரிக்க விஞ்ஞானி டொனால்ட் கெஸ்லர் 1978-லேயே எழுதி எச்சரித்தார். யார் கேட்டார்கள்?

நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் உயரத்தில் கிடப்பது சில வருஷங்களில் காற்று உராய்ந்து தானாகக் கீழே வந்துவிடும். எண்ணூறு கிலோமீட்டரில் கிடப்பது நூறு வருஷத்துக்கு மேல் அங்கேயே கிடக்கும். மிக மோசமாக நெரிசலாகியிருப்பது அந்த எழுநூறு, எண்ணூறு, ஆயிரம் கிலோமீட்டர் உயரங்கள்தான். பயிரையும் வறட்சியையும் கடலையும் நோட்டமிடும் கோள்கள் சுற்றுவதும் அங்கேதான். மீன் எங்கே கிடைக்கும் என்று கடலோர ஜனங்களுக்குச் சொல்ல உதவும் நமது ஓஷன்சாட் கோளின் பாதையும் அதுவே. ஆகவே இது ஆகாயத்தில் உள்ள விஞ்ஞானிகளின் தகராறு, நமக்கென்ன என்று இருக்க முடியாது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் அழகாகவே சொல்கிறது. 1967-ம் வருஷத்து விண்வெளி ஒப்பந்தத்தின் முதல் ஷரத்து, விண்வெளியில் நடக்கும் காரியங்கள் எல்லா நாடுகளின் நன்மைக்காகவும் இருக்கவேண்டும், அது மனித குலம் முழுவதற்கும் உரிய களம் என்கிறது. இரண்டாம் ஷரத்து, எந்த நாடும் அதைத் தன் சொத்தாக்கிக்கொள்ளக் கூடாது என்கிறது. படிக்கப் படிக்க மனம் குளிரும். கொஞ்சம் கீழே வந்து எட்டாவது ஷரத்தைப் பாருங்கள். மேலே அனுப்பிய பொருள், அனுப்பியவனுக்கே சொந்தம். பதிவு செய்த நாட்டின் அதிகாரம் அதன்மீது நீடிக்கும். காலக் கெடு கிடையாது. உடைந்தாலும் சொந்தம். செத்தாலும் சொந்தம். அனுமதி இல்லாமல் வேறு நாடு தொட முடியாது.

சொத்துரிமை இவ்வளவு கறாராக எழுதப்பட்டிருக்கிறதே, சொந்தக்காரனுக்குக் கடமை ஏதாவது உண்டா? வேலை முடிந்த பொருளைக் கீழே இறக்கு என்று ஒரு வரி உண்டா? ஒப்பந்தம் முழுவதையும் புரட்டினாலும் கிடைக்காது. மற்றவர்களின் நலனை மதித்து நடந்துகொள், கேடான மாசைத் தவிர் என்று ஒன்பதாவது ஷரத்தில் பொதுவாகச் சொல்லி முடித்துவிட்டார்கள். உரிமை என்றால் இரும்பு எழுத்து, கடமை என்றால் தண்ணீர் எழுத்து!

பஞ்சாலையில் வேலை செய்கிற தோழர்களுக்கு இது விளங்கும். ஷிப்ட் முடியும் முன் மெஷின் அடியில் கழிவுப் பஞ்சு கிடந்தால் சூப்பர்வைசர் சும்மா விடுவாரா? மெமோ வருகிறது, சம்பளத்தில் கை வைக்கிறார்கள். ஒன்பது டன் எடையுள்ள ராக்கெட் ஓட்டை எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு ஒரு மெமோ கூடக் கிடையாது. அப்படிப்பட்ட ஓடுகளில் மிகப் பெரியவை பல, சோவியத் யூனியன் காலத்திலும் அதற்குப் பிறகு ரஷ்யாவும் விட்டவை. அமெரிக்கா விட்டதும் ஏராளம், சீனா விட்டதும் ஏராளம். இதில் நம்மவன், அயலான் என்று பார்க்க இடமில்லை.

நஷ்ட ஈட்டுக்கு ஒரு ஒப்பந்தம் 1972-ல் வந்தது. தரையில் உள்ளவர்களுக்கோ பறக்கிற விமானத்துக்கோ சேதம் வந்தால், தப்பு யாருடையது என்று பாராமலே ஏவிய நாடு ஈடு தரவேண்டும். நல்ல ஷரத்து, சந்தேகமில்லை. அதைக் காட்டி முறையாக ஈடு கேட்ட பெரிய வழக்கு ஒன்றே ஒன்றுதான். 1978 ஜனவரி 24-ந் தேதி சோவியத் கோளான காஸ்மாஸ் 954, உள்ளே அணு உலையோடு, கனடாவின் வடமேற்குப் பனிக்காட்டில் விழுந்தது. கதிரியக்கத் துண்டுகளைத் தேடிப் பொறுக்கிய கனடா அறுபது லட்சம் டாலர் கேட்டது. 1981-ல் முப்பது லட்சத்துக்குப் பேசி முடித்தார்கள்.

ஆனால் அந்த ஒப்பந்தத்தில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று: ஏவிய நாட்டின் சொந்தப் பிரஜைகளுக்கு அது பொருந்தாது. 2024 மார்ச் 8-ந் தேதி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் நேப்பிள்ஸ் என்ற ஊரில் ஒரு வீட்டுக் கூரையைப் பிளந்துகொண்டு உலோகத் துண்டு ஒன்று உள்ளே விழுந்தது. எடை முக்கால் கிலோ கூட இல்லை. கூரையையும் தளத்தையும் துளைத்தது. சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து 2021-ல் கழற்றி வீசிய பழைய பேட்டரிச் சுமையின் மிச்சம் அது என்று நாசாவே ஒப்புக்கொண்டது. எல்லாம் எரிந்துவிடும் என்றுதான் வீசியபோது சொன்னார்கள். அந்தக் குடும்பம் எண்பதாயிரம் டாலர் கேட்டு மனுப் போட்டது. அதே துண்டு வேறு நாட்டு வீட்டில் விழுந்திருந்தால் ஒப்பந்தம் இருக்கிறது. தன் நாட்டுக் குடிமகன் என்பதால் ஒப்பந்தம் இல்லை!

இன்னொன்று இன்னும் பெரியது. விண்வெளியிலேயே ஒன்றின்மேல் ஒன்று மோதினால், யாருடைய தப்பு என்று நிரூபித்தால்தான் ஈடு. எது தப்பு என்று ஒப்பந்தம் சொல்லவில்லை. 2009 பிப்ரவரி 10-ந் தேதி சைபீரியாவுக்கு மேலே சுமார் 790 கிலோமீட்டர் உயரத்தில், இரிடியம் என்ற அமெரிக்கக் கம்பெனியின் இயங்கிக்கொண்டிருந்த கோளும், செத்துப்போன ரஷ்யக் கோள் காஸ்மாஸ் 2251-ம் மோதின. கண்ணுக்குத் தட்டுப்பட்ட துண்டுகள் மட்டும் சுமார் இரண்டாயிரம். செத்த கோளைச் சுற்ற விட்டது தப்பா, உயிருள்ள கோள் விலகாதது தப்பா? யாரும் யாருக்கும் ஈடு கொடுத்ததாக வெளிவரவில்லை. இரண்டு தரப்பும் கமுக்கமாக இருந்துவிட்டன. இன்றைக்கு நீ கேட்டால் நாளைக்கு நான் கேட்பேன் அல்லவா! அந்த இரண்டாயிரம் துண்டுகளையும் உலகம் முழுவதும் பங்கு போட்டுக்கொண்டது.

மோதல் தற்செயல். வேண்டுமென்றே உடைத்தவர்களும் இருக்கிறார்கள். ஏவுகணையால் கோளை அடிக்கும் சோதனையை அமெரிக்கா 1985-ல் செய்தது. சீனா 2007 ஜனவரியில் தன் பழைய வானிலைக் கோளை 860 கிலோமீட்டர் உயரத்தில் உடைத்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட துண்டுகளைப் பரப்பியது. நாம் 2019 மார்ச் 27-ந் தேதி உடைத்தோம். தாழ்ந்த உயரம் என்பதால் துண்டுகளில் பெரும்பாலானவை விரைவில் விழுந்துவிட்டன. என்றாலும் உடைத்தது உடைத்ததுதான். ரஷ்யா 2021 நவம்பரில் உடைத்தபோது விண்வெளி நிலையத்தில் இருந்தவர்கள், அவர்களில் ரஷ்யர்களும் உண்டு, ஓடிப்போய்க் கலங்களுக்குள் பதுங்க வேண்டியிருந்தது. இந்தச் சோதனைகளைத் தடை செய்யும் கட்டாய ஒப்பந்தம் கிடையாது. குப்பையைக் குறைப்பதற்கு 2007-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட விதிகள் உண்டு. அவையும் விரும்பினால் கடைப்பிடிக்கலாம் என்ற ரகம். 1979-ம் வருஷத்துச் சந்திர ஒப்பந்தத்துக்குப் பிறகு விண்வெளி பற்றிப் புதிய ஐ.நா. ஒப்பந்தமே பிறக்கவில்லை.

இங்கேதான் கம்பெனிகளும் அவற்றின் பேனாக்காரர்களும் குறுக்கிடுகிறார்கள். "விண்வெளி மிகப் பெரியது, சட்டம் போட்டால் தொழில் படுத்துவிடும், குப்பை அள்ளுவதையே ஒரு வியாபாரமாக்கினால் பிரச்னை தானே தீரும்" என்கிறார்கள்.

தீருமா? அந்த வியாபாரத்தின் லட்சணத்தைப் பார்ப்போம். 2020-ல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் ஒரு ஸ்விஸ் கம்பெனியுடன் எட்டுக் கோடியே அறுபது லட்சம் யூரோவுக்கு ஒப்பந்தம் போட்டது. மேலே கிடந்த 112 கிலோ எடையுள்ள ஒரே ஒரு ராக்கெட் பாகத்தைப் பிடித்துக் கீழே கொண்டுவர வேண்டும். அள்ளப் போவதற்குள், 2023-ல், அந்தக் குப்பையின் மேலேயே வேறு குப்பை மோதிவிட்டது. இப்போது வேறொரு பழைய கோளைக் குறியாக வைத்திருக்கிறார்கள். ஜப்பானில் ஒரு கம்பெனி 2024-ல் ஒரு விண்கலத்தை அனுப்பி, 2009-ல் ஏவிய ஜப்பானிய ராக்கெட்டின் மூன்று டன் ஓட்டுக்குப் பதினைந்து மீட்டர் அருகே போய்ப் பார்த்தது. மகத்தான விஞ்ஞான சாதனை, மறுக்கவில்லை. வலை வீசியும் ஈட்டி எறிந்தும் பிடிக்க முடியும் என்று 2018, 2019-லேயே பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் மேலே செய்து காட்டியிருக்கிறார்கள். கருவிக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் பணம் யாருடையது? முக்கியமாகப் பொதுப்பணம். குப்பை போட்டவன் ஒருவன், கூலி கொடுப்பவன் வரி கட்டுகிற ஜனம், லாபம் பார்ப்பவன் மூன்றாமவன். இதற்குப் பெயர் வியாபாரமாம்!

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. செத்த கோளைப் பிடிக்கிற கை, உயிருள்ள கோளையும் பிடிக்கும். ஆகவே ஒரு நாட்டின் துப்புரவுக் கலத்தை இன்னொரு நாடு ஆயுதமாகப் பார்க்கிறது. அந்தச் சந்தேகம் ஆதாரமற்றது என்று நாம் சொல்ல மாட்டோம். அதனால்தான் இந்தக் காரியம் தனி நாட்டிடமோ தனிக் கம்பெனியிடமோ இருக்கக் கூடாது, எல்லா நாடுகளும் உட்கார்ந்து பார்க்கும் சர்வதேச அமைப்பிடம் இருக்கவேண்டும் என்கிறோம்.

சட்டம் போட்டால் தொழில் படுக்கும் என்பது பழைய பாட்டு. கப்பல் தொழில் படுத்துவிட்டதா? கடலில் மூழ்கி வழியை அடைத்த கப்பலை அதன் சொந்தக்காரனே அகற்றவேண்டும், அதற்காக இன்ஷூரன்ஸ் வைத்திருக்கவேண்டும் என்று 2007-ல் நைரோபியில் ஒப்பந்தம் செய்தார்கள். 2015-ல் அமலுக்கு வந்தது. கப்பல்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பாலாற்றைத் தோல் பதனிடும் ஆலைகள் பாழாக்கிய வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996-ல் என்ன சொன்னது? கேடு செய்தவனே ஈடு கட்டவேண்டும் என்றது. வேலூர் ஜில்லா விவசாயியின் கிணற்று நீரை முன்னிட்டு நம் நாட்டுச் சட்டத்தில் நிலைபெற்ற அந்த நியாயம், ஆகாயத்துக்கு மட்டும் ஏன் பொருந்தாது?

கோடீஸ்வரக் கம்பெனிகளுக்கு இப்போது நடக்கிற தண்டனையையும் பாருங்கள். அமெரிக்காவில் டிஷ் என்ற டெலிவிஷன் கம்பெனி, ஆயுள் முடிந்த தன் கோளை முந்நூறு கிலோமீட்டர் மேலே ஒதுக்கி வைப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டு, எரிபொருள் போதாமல் 122 கிலோமீட்டரிலேயே விட்டுவிட்டது. 2023 அக்டோபரில் அபராதம் விதித்தார்கள். விண்வெளிக் குப்பைக்காக அமெரிக்க சர்க்கார் விதித்த முதல் அபராதம் என்று பத்திரிகைகள் கொட்டி முழக்கின. எவ்வளவு? ஒன்றரை லட்சம் டாலர். அந்தக் கம்பெனியின் முந்திய வருஷத்து வரவு 1,600 கோடி டாலருக்கு மேல். கணக்குப் போட்டால் அதன் ஐந்து நிமிஷ வரவு! நஷ்ட ஈட்டிலும் அதே தாராளம். அமெரிக்கச் சட்டப்படி ராக்கெட் கம்பெனி வெளியாருக்கு நேரும் சேதத்துக்காக அதிகபட்சம் ஐம்பது கோடி டாலர் வரை இன்ஷூரன்ஸ் எடுத்தால் போதும். அதற்கு மேல் ஒரு வரம்பு வரை சர்க்கார் ஏற்க ஏற்பாடு இருக்கிறது. 1988-லிருந்து இந்தச் சலுகை.

ஸ்டார்லிங்க் கம்பெனியின் கோள்கள் மட்டும் 2025-ல் எட்டாயிரத்தைத் தாண்டின. அவை தாழ்ந்த உயரத்தில் சுற்றுகின்றன, ஐந்து வருஷத்தில் கீழே வந்து எரிந்துவிடும் என்கிறார்கள். எண்ணூறு கிலோமீட்டரில் விட்டுவிட்டுப் போகிறவர்களைவிட இது மேல்தான். ஆனால் எரிந்தது எங்கே போகிறது? 2023-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் விமானத்தில் பறந்து மேல்காற்றின் துகள்களைப் பிடித்துப் பார்த்தார்கள். பெரிய கந்தக அமிலத் துகள்களில் நூற்றுக்குப் பத்தில் ராக்கெட்டும் கோளும் எரிந்த அலுமினியமும் மற்ற உலோகங்களும் இருந்தன. குப்பை மறையவில்லை, பொடியாகியிருக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். பொதுத்துறையான இஸ்ரோ செய்திருப்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 2001 டிசம்பரில் நமது பி.எஸ்.எல்.வி. ராக்கெட் ஒன்றின் கடைசி அடுக்கு மேலே வெடித்து முந்நூறுக்கு மேற்பட்ட துண்டுகளானது. அதிலிருந்து பாடம் கற்றார்கள். கீழே இறக்கும் ஏற்பாடு இல்லாமலே கட்டப்பட்ட, ஒரு டன் எடையுள்ள மேகா டிராபிக்ஸ் கோளை, மிச்சமிருந்த எரிபொருளைக் கொண்டே 2023 மார்ச் 7-ந் தேதி பசிபிக் சமுத்திரத்தில் குறி வைத்து இறக்கினார்கள். எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. பிறர் போட்ட குப்பைக்கு அவர்களும் கப்பம் கட்டுகிறார்கள்: 2023-ல் மட்டும் 23 தடவை நமது கோள்களை விலக்கி ஓட்டவேண்டியிருந்தது. ஒவ்வொரு விலகலும் எரிபொருள். எரிபொருள்தான் கோளின் ஆயுள்.

இப்போது தனியாருக்குக் கதவு திறந்தாயிற்று. 2023-ல் விண்வெளிக் கொள்கை, 2024-ல் அந்நிய மூலதனத்துக்கு அனுமதி. 2024 பிப்ரவரி 28-ந் தேதி தூத்துக்குடி ஜில்லா குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். சிறிய ராக்கெட்டுகளுக்கான தளம். தனியார் ராக்கெட்டுகளும் அங்கிருந்து கிளம்பும். ஏவுதளம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் 1967-ம் வருஷத்து ஒப்பந்தப்படி தனியார் அனுப்பினாலும் உலகத்துக்குப் பதில் சொல்லவேண்டியது இந்திய சர்க்கார்; அதாவது நாம். லாபம் கம்பெனியின் பெட்டிக்கு, பொறுப்பு கஜானாவின் தலைக்கு. அந்தப் பொறுப்பைக் கம்பெனியிடம் திருப்பி வசூலிக்கச் சட்டம் வேண்டுமே, இருக்கிறதா? 2017-ல் ஒரு நகல் மசோதாவை வெளியிட்டார்கள். அது சட்டமாகவில்லை. கதவைத் திறக்க இருந்த அவசரம் பூட்டுச் செய்ய இல்லை!

ராக்கெட் கிளம்பும் நாளில் கடலுக்குப் போகாதே என்ற அறிவிப்பு பழவேற்காட்டு மீனவர்களுக்குப் பழகிப்போனது. மணப்பாட்டுக்கும் ஆலந்தலைக்கும் அது இனிமேல் வரும். அன்றைய கூலிக்கு யார் ஜவாப்? ராக்கெட்டின் அடிப்பகுதி கடலில் விழுந்து அந்நிய நாட்டுப் படகு உடைந்தால், அந்த நாடு 1972 ஒப்பந்தத்தைக் காட்டி ஈடு கேட்கலாம். மணப்பாட்டுப் படகு உடைந்தால் ஒப்பந்தம் கிடையாது, ஏனென்றால் அவன் நம் பிரஜை. புளோரிடா வீட்டுக்காரன் கதைதான்.

அங்கிருந்து தனியார் ராக்கெட்டுகள் வரிசையாகக் கிளம்புவதற்கு முன் விண்வெளி மசோதா பார்லிமெண்டுக்கு வந்தாகவேண்டும். ஏவுகிற ஒவ்வொரு பொருளையும் கீழே இறக்குவதற்கான செலவை முன்கூட்டியே ஜாமீனாகக் கட்டாத கம்பெனிக்கு லைசென்ஸ் இல்லை என்று அதில் இருக்கவேண்டும். சொந்த நாட்டு மீனவனுக்கும் விவசாயிக்கும், தப்பு யாருடையது என்று கேளாமல், அந்நியனுக்குத் தருகிற அதே ஈடு உண்டு என்று இருக்கவேண்டும். ஐ.நா. சபையில் நமது பிரதிநிதிகள், இதுவரை கிடக்கும் குப்பையை அகற்ற ஒரு சர்வதேச நிதி வேண்டும், யார் எவ்வளவு டன் மேலே விட்டார்களோ அந்தக் கணக்கிலேயே பங்கு போடவேண்டும் என்று கேட்கவேண்டும். அந்தக் கணக்கில் 2001-ம் வருஷத்து முந்நூறு துண்டுகளுக்கு நம் பங்கும் உண்டு, கட்டலாம்.